சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்

பழைய பெட்ரோல் லாரி ஒன்று. காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஜாசினிலிருந்து சுமையோடு கிளம்பி இருபது கிலோமீட்டர் ஓடுகிறது. நண்பகல் வெயிலில் ஒரு மேட்டில் ஏறும்போது இஞ்சின் சட்டென்று நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் ஓடுகிறது. பட்டறைக்குக் கொண்டு போனால், "ஒரு கோளாறும் இல்லையே" என்கிறார்கள்.

இத்தகைய லாரியை வைத்திருப்பவர் என்ன செய்வார்? முதலில் பிளக் மாற்றுவார். பிறகு பேட்டரி. பிறகு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார். பணம் போகும், லாரி மறுவாரமும் அதே மேட்டில் நிற்கும். செம்பனைக் குலையோ ரப்பர் பாலோ ஏற்றிய லாரி என்றால் நட்டம் இன்னும் பெரிது. வெட்டிய குலை ஆலைக்குப் போய்ச் சேரத் தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் குறையும். ரப்பர் பாலோ வழியிலேயே உறைய ஆரம்பித்துவிடும்.

விட்டு விட்டு வரும் கோளாறு பேய் பிடித்த கோளாறு அல்ல. ஒரு குறிப்பிட்ட நிலைமை வரும்போது மட்டுமே அது வருகிறது. அந்த நிலைமை வெப்பமா, ஈரமா, அதிர்வா என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

12 வோல்ட் 20,000 வோல்ட் ஆவது எப்படி?

பெட்ரோல் இஞ்சினுக்குள் எரிபொருளைப் பற்றவைப்பது பிளக்கின் முனையில் தெறிக்கும் மின்பொறி. அதற்கு 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தேவைப்படலாம். லாரியின் பேட்டரியில் இருப்பதோ 12 வோல்ட்தான்.

இந்த இடைவெளியை நிரப்பும் முறையை அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகரில் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கினார். 1910-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், 1896-இல், மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் தோட்டம் போட்டிருந்தார். மலாயாவின் ரப்பர் உலகக் கார்களுக்கு டயராகப் போன காலமும், கெட்டரிங்கின் பற்றவைப்பு முறை பரவிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் அந்த முறையில்தான் ஓடின.

படிவம் ஐந்து இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல்தான் இதன் அடிப்படை. காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. முதன்மைச் சுருளில் சில நூறு சுற்றுகள். இரண்டாம் சுருளில் பல ஆயிரம் சுற்றுகள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் 'பாயிண்ட்' மூடியிருக்கும்போது முதன்மைச் சுருளில் மின்னோட்டம் ஓடிக் காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் திறந்ததும் காந்தப்புலம் நொடியில் சரிகிறது. அந்தச் சரிவுதான் இரண்டாம் சுருளில் உயர்மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. பாயிண்டின் அருகிலுள்ள சிறிய கண்டன்சர், பாயிண்ட் முனைகள் கருகாமல் பார்த்துக்கொள்கிறது. காந்தப்புலம் வேகமாகச் சரியவும் உதவுகிறது.

நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒரு நொடிக்கு 100 பொறி வேண்டும். இந்தத் தொடரில் எங்காவது ஒரு கண்ணி அறுந்தால் போதும், இஞ்சின் நின்றுவிடும்.

வெப்பம் செய்யும் வேலை

செம்பு சூடானால் அதன் மின்தடை கூடும். ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு. காலையில் 30 பாகையில் முதன்மைச் சுருளின் தடை 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். இஞ்சின் அறையின் சூட்டில் காயில் 90 பாகையை எட்டினால் தடை 3.7 ஓம் அளவுக்கு உயரும், மின்னோட்டம் 3.3 ஆம்பியருக்கும் சற்றுக் கீழே இறங்கும். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பொறிக்கான ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

நல்ல காயில் இந்த இழப்பைத் தாங்கும். உள்ளே காப்புப்பூச்சு பழுதான காயில் தாங்காது. சுருளில் முடியளவு விரிசல் இருந்தால், சூட்டில் கம்பி விரிந்து முறிவு திறந்துகொள்ளும். ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேர ஓய்வில் லாரி 'குணமாவது' இதனால்தான்.

மேட்டில் ஏன் நிற்கிறது? சுமையோடு ஏறும்போது பெடலை அழுத்துகிறீர்கள். சிலிண்டருக்குள் கூடுதல் கலவை நுழைகிறது, அழுத்தம் உயர்கிறது. அடர்ந்த வாயுவைத் தாண்டிப் பொறி பாய, கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். சமதரையில் சமாளித்த நலிந்த காயில் மேட்டில் தோற்றுவிடுகிறது.

ஈரமும் அதிர்வும்

காலைப் பனியிலோ, மழைக்குப் பிறகோ, தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்த பிறகோ மட்டும் தொல்லை வந்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் வயர்களையும் பாருங்கள். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால், அந்த வழியாக மின்சாரம் கசிகிறது என்று பொருள். துடைத்தால் போதாது, மூடியை மாற்ற வேண்டும்.

செம்மண் பாதையில் குலுங்கும்போது நின்று, தார்ச்சாலையில் ஒழுங்காக ஓடினால், அது அதிர்வு. சாவி சுவிட்ச், பியூஸ், துருப்பிடித்த எர்த் வயர் ஆகியவை முதல் சந்தேகங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் போகும் குட்டி வயரையும் மறக்காதீர்கள். பெடலை அழுத்தி விடும்போதெல்லாம் உள்தகட்டோடு சேர்ந்து அதுவும் அசைகிறது. ஆண்டுக்கணக்கில் அசைந்து, வெளி உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மெதுவாக இழுத்துப் பார்த்தால் ரப்பர்போல் நீளும்.

நின்ற இடத்திலேயே சோதியுங்கள்

இஞ்சின் செத்துக் கிடக்கும் அந்தச் சில நிமிடங்கள்தாம் உண்மை வெளிப்படும் நேரம். ஆறிய பிறகு பட்டறையில் செய்யும் சோதனையில் அது கிடைக்காது.

முதலில், எப்படி நின்றது என்று நினைத்துப் பாருங்கள். சுவிட்ச்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம். இருமி, திணறி, வலு குறைந்து நின்றால் பெட்ரோல் பக்கம். பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பிறகு லாரி ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசியால் தீரும் கோளாறு அது.

அடுத்து, பொறி இருக்கிறதா? பொறிச் சோதனைக் கருவி பட்டறைச் சாமான் கடைகளில் கிடைக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனை வேண்டாம். வயரைக் கையால் பிடிக்கவே கூடாது. நீலப் பொறி 'டிக் டிக்' என்று தெறித்தால் பற்றவைப்பு நலம், பெட்ரோலைத் தேடுங்கள்.

பொறி இல்லையா? 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு முனையை இஞ்சின் உலோகத்தில் மாட்டி, சாவியைப் போட்டு, மறுமுனையைக் காயிலின் நேர்முனையில் வையுங்கள். எரியவில்லை என்றால் சுவிட்ச், பியூஸ், வயர் பக்கம் கோளாறு. எரிந்தால் எதிர்முனைக்கு மாற்றி, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். விளக்கு மினுங்கினால் பாயிண்ட் வேலை செய்கிறது. காயில், கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அந்தக் குட்டி வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் முதன்மைச் சுருள் அறுந்திருக்கலாம், அல்லது பாயிண்ட் திறக்காமல் இருக்கலாம்.

இன்னொரு துப்பு: ஸ்டார்ட்டர் சுற்றும்போது இஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும் நின்றால், பல பழைய வண்டிகளில் காயிலுக்கு முன் இருக்கும் தடைப்பொருளைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு போகும். ஓடும்போது அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

காயில்மீது சந்தேகமா? சாவியை அணைத்து, ஈரத்துணியைக் காயிலின் உலோக உடம்பில் மட்டும் சுற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான். பட்டறையில் இதையே தலைகீழாகச் செய்யலாம்: முடி உலர்த்தியால் காயிலைச் சூடாக்கிக் கோளாறை வரவழையுங்கள். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று பொருளை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

டீசல் லாரிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே பொறியே கிடையாது. அழுத்தத்தில் சூடான காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் பில்டர், குழாயில் காற்றுக் கசிவு, டீசலை நிறுத்தும் மின் வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஃபோர்டு வழக்கு சொல்வது

பாயிண்டுக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வந்த பிறகும் வெப்பம் விடவில்லை. 1980-களில் ஃபோர்டு நிறுவனம் தன் கார்களிலும் சிறு லாரிகளிலும் அந்தப் பெட்டியை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே, இஞ்சின் சூடு தாக்கும் இடத்தில் பொருத்தியது. வண்டிகள் ஓடும்போது நிற்கின்றன, ஆறியதும் ஓடுகின்றன என்று உரிமையாளர்கள் புகார் செய்தனர். வழக்கு கலிபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனது. 2000-ஆம் ஆண்டில் நீதிபதி ஃபோர்டுக்கு எதிராக முடிவு சொன்னார். குற்றச்சாட்டை மறுத்த ஃபோர்டு, மறு ஆண்டு சமரசத்துக்கு வந்தது. பட்டறையில் கோளாறு தெரியாததால், வண்டியில் கோளாறே இல்லை என்று ஆகிவிடாது.

ஓடும் லாரியில் இஞ்சின் நின்றால் வெறும் தாமதம் மட்டுமல்ல. பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு அழுத்தலுக்குத்தான் மிஞ்சும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து ஓரங்கட்டுங்கள். உருளும்போது சாவியை முழுக்கத் திருப்பாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். முக்கோண எச்சரிக்கைப் பலகையை வைத்த பிறகே மூடியைத் திறங்கள்.

லாரியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நேரம், வெயிலா மழையா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, மேடா சமதரையா, சட்டென்று நின்றதா திணறி நின்றதா, எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஓடியது என்று எழுதுங்கள். ஐந்தாறு முறை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரியும். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது லாரியோடு அந்த நோட்டையும் கொடுங்கள்.