உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடிக்கு முன்பே பிறந்த ‘கண்ணாடி’

★ ‘கண்ணாடி’ என்ற சொல் முதலில் குறித்தது ஜன்னலில் பதிக்கிற பொருளை அல்ல, முகம் பார்க்கிற கருவியை. பழந்தமிழில் அதன் பெயர் ‘ஆடி’. அதோடு கண் சேர்ந்து கண்ணாடி ஆயிற்று. அந்தக் காலத்து ஆடி உலோகத்தால் ஆனது. வெண்கலத்தைத் தகடாக வார்த்து, தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்வரை மெருகேற்றுவார்கள். பிற்பாடு முகம் பார்க்கிற ஆடியை மணலை உருக்கிய பொருளில் செய்யத் தொடங்கினார்கள். கருவியின் பெயர் அந்தப் பொருளுக்கே போய்ச் சேர்ந்தது. இன்று கடையில் போய் ‘கண்ணாடி வேண்டும்’ என்றால் எந்தக் கண்ணாடி என்று கேட்கிறார்கள். ‘முகம் பார்க்கிற கண்ணாடி’ என்று விளக்க வேண்டியிருக்கிறது. சொல்லுக்கு உரிய முதல் பொருளே இப்போது அடைமொழி இல்லாமல் நிற்க முடியவில்லை.

★ இதற்குச் சான்று பக்கத்து வீடுகளிலேயே இருக்கிறது. கன்னடத்தில் ‘கன்னடி’ என்றால் முகம் பார்ப்பது மட்டும்தான். உடைந்தால் கையைக் கிழிக்கும் பொருளுக்கு ‘காஜு’ என்று தனிப் பெயர். தெலுங்கிலும் அப்படியே: முகம் பார்ப்பது ‘அத்தமு’, பொருள் ‘காஜு’. வளையலையும் ‘காஜுலு’ என்றே சொல்வார்கள். மலையாளத்தில் பொருளுக்குச் ‘சில்லு’ என்ற சொல் உண்டு. தமிழில் சில்லு என்றால் உடைந்த துண்டு. நாமோ கருவி, பொருள், மூக்கில் மாட்டிக்கொள்வது என மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்.

★ குறுந்தொகையின் எட்டாம் பாட்டு ஆலங்குடி வங்கனார் பாடியது. அதில் பரத்தை ஒருத்தி, தலைவன் தன் மனைவியிடம் நடந்துகொள்ளும் விதத்தை ஆடிக்குள் தெரியும் பாவையோடு ஒப்பிடுகிறாள். முன்னால் நிற்பவர் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும், காலைத் தூக்கினால் அதுவும் தூக்கும். கண்ணாடிப் பிம்பத்தை இவ்வளவு கூர்மையாகக் கவனித்த உவமைகள் குறைவு. அவள் மனத்தில் இருந்த ஆடி உலோக ஆடி என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பாட்டை மறுபடி படித்துப் பாருங்கள்.

★ திருப்பாவையின் இருபதாம் பாசுரத்தில் ஆண்டாள் நப்பின்னையிடம் விசிறியும் கண்ணாடியும் கேட்கிறாள். கண்ணாடிக்கு அவள் சொல்லும் பெயர் ‘தட்டொளி’. ஒளிவிடும் தட்டு! அன்றைய கண்ணாடி என்னவாக இருந்தது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். இத்தனை அழகான சொல்லை நாம் பாசுரத்துக்குள்ளேயே விட்டுவிட்டோம் என்பது எனக்குத் தீராத குறை.

★ உலோக ஆடியை இன்றும் வார்க்கிற ஊர் ஒன்று இருக்கிறது. கேரளத்தின் பத்தனம்திட்டை மாவட்டத்தில் உள்ள ஆறன்முளை. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம்தான். ஆனால் வெள்ளீயத்தின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதனால் உலோகம் வெளுத்து, கடினமாகி, கீழே விழுந்தால் நொறுங்கிப்போகும் தன்மை பெறுகிறது. புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் இது. ஆறன்முளைக் கண்ணாடியின் மேல் விரல் நுனியை வைத்தால் விரலும் பிம்பமும் ஒட்டி நிற்கும். வீட்டுக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும். வீட்டுக் கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்புவது பின்பக்கப் பூச்சில், ஆறன்முளையில் மேற்பரப்பிலேயே.

★ ‘ரசம் போன கண்ணாடி’ என்கிறோமே, அந்த ரசம் பாதரசம். வெனிஸ் நகரத்தை ஒட்டிய முரானோ தீவின் கைவினைஞர்கள் கண்ணாடிப் பலகையின் பின்னால் வெள்ளீயத் தகட்டையும் பாதரசத்தையும் சேர்த்துப் படிய வைத்தார்கள். பாதரச ஆவி அந்த வேலையைச் செய்தவர்களின் உடலைக் கெடுத்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கண்டறிந்த முறையால் வெள்ளிப் பூச்சு வந்தது, பாதரசம் மெல்ல விலகியது. பேச்சில் மட்டும் ரசம் இன்னும் போகவில்லை.

★ பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, வெனிஸிடம் விலைகொடுத்துக் கண்ணாடி வாங்குவதை நிறுத்த 1665-இல் சொந்த நாட்டில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்க வைத்தார். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் உள்ள 357 கண்ணாடிகள் அங்கிருந்து வந்தவை. அந்த நிறுவனம்தான் செயின்ட் கோபேன். நம் ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலை இருக்கிறது.

★ இன்றைய தட்டைக் கண்ணாடி எப்படி இவ்வளவு சமதளமாக வருகிறது? உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்க விடுகிறார்கள். இங்கிலாந்தின் அலஸ்டர் பில்கிங்டன் கண்ட இந்த முறை 1959-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆறன்முளைக் கலவையில் வெள்ளீயம், முரானோவின் பின்பூச்சில் வெள்ளீயம், நவீன ஆலையின் தொட்டியிலும் வெள்ளீயம். கண்ணாடியின் கதை முழுக்க இந்த உலோகம் கூடவே வருகிறது.

★ கண்ணாடிப் பொருள் தமிழருக்குப் பழக்கமில்லாதது என்று எண்ணிவிட வேண்டாம். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். கண்ணாடி மணிகள் ஏராளமாகச் செய்யப்பட்ட துறைமுகம் அது. உருகிய கண்ணாடியை உள்ளே துளை இருக்கும்படி நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்குவார்கள். இந்த வகைச் சிறு மணிகளுக்கு ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டார். ஆப்பிரிக்கா முதல் கொரியாவரை அவை கிடைக்கின்றன. நாம் அவற்றைப் பாசிமணி என்கிறோம், கண்ணாடி என்று சொல்வதில்லை. பொருள் அன்றே இங்கே இருந்தது; அந்தப் பெயர்தான் அதற்கு அப்போது போய்ச் சேரவில்லை.

★ ‘பளிங்கு’ இடம் மாறிய இன்னொரு சொல். இன்று பளிங்கு என்றால் தாஜ்மகாலின் வெள்ளைக்கல். பழைய நூல்களில் அது ஊடுருவித் தெரிகிற படிகக்கல். அடுத்திருப்பதைக் காட்டும் பளிங்கு என்று வள்ளுவர் முகத்துக்கு உவமை சொன்னதும் அதைத்தான். மணிமேகலையில் ‘பளிக்கறை புக்க காதை’ என்றே ஒரு பகுதி உண்டு. உதயகுமரனுக்கு அஞ்சி மணிமேகலை உவவனத்துப் பளிக்கறைக்குள் ஒளிகிறாள். அவள் உருவம் வெளியே தெரிகிறது, ஆனால் அவனுக்கு உள்ளே போகும் வழி அகப்படவில்லை. வெள்ளைச் சலவைக்கல்லைக் கற்பனை செய்துகொண்டு படித்தால் அந்தக் காட்சியே விளங்காது.

★ படிகமும் கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும், கண்ணாடியில் அந்த ஒழுங்கு கிடையாது. ஸ்படிக மாலை வாங்குகிறவர்கள் கவனிக்க: மணிக்குள் சிறு காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடி. உண்மையான ஸ்படிகம் கண்ணாடியில் கீறல் போடும். கண்ணாடி மணி ஸ்படிகத்தைக் கீறாது.

★ சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் பதியில் கருவறையில் இருப்பது கண்ணாடி. வணங்க வருகிறவர் தம்மையே அதில் பார்க்கிறார். பல சாதியினர் கோயிலுக்குள் நுழையவே முடியாதிருந்த 19-ஆம் நூற்றாண்டுத் தென்திருவிதாங்கூரில் இது சாதாரணக் காரியம் அல்ல. 1927-இல் நாராயண குருவும் கேரளத்தின் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார்.

★ தேநீர்க் கடையில் ‘ஒரு கிளாஸ் டீ’ என்கிறோம். இது எதிர்த்திசையில் நடந்த கதை. ஆங்கிலத்தில் பொருளின் பெயர் பாத்திரத்துக்கு ஆயிற்று. தமிழுக்கு வந்தபிறகு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாலும் ‘ஒரு கிளாஸ் தண்ணீர்’தான்.

★ மூக்குக் கண்ணாடி, பூதக் கண்ணாடி, கண்ணாடி விரியன், ஈழத்துக் குப்பி விளக்கு என்று கண்ணாடியைச் சுற்றி நம்மிடம் சொற்கள் நிறைய. உங்கள் ஊரில் முகம் பார்ப்பதற்கும் ஜன்னலில் பதிப்பதற்கும் வேறு வேறு பெயர் வழங்குகிறதா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.