சோற்றை மறந்த எலி!

கூண்டுக்குள் ஒரு எலி. சுவரில் ஒரு விசை. எலி அதை முன்னங்காலால் அமுக்குகிறது. மறுபடியும் அமுக்குகிறது. மறுபடியும், மறுபடியும்!

மணிக்கு 2 ஆயிரம் தடவைக்கு மேல். அதுவும் 24 மணி நேரம் ஓயாமல்!

அமுக்கினால் தீனி வரவில்லை. தண்ணீரும் வரவில்லை. மூளைக்குள் செருகியிருந்த மெல்லிய கம்பி வழியாகக் கொஞ்சம் மின்சாரம் பாய்ந்தது. அவ்வளவுதான்.

குறி தவறிய கம்பி

கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1953-ம் ஆண்டு ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரு விஞ்ஞானிகள் அங்கே எலியின் மூளையை ஆராய்ந்தார்கள்.

ஒரு எலிக்குக் கம்பி குறி தவறி, வேறு இடத்துக்குப் போய்விட்டது. அந்தத் தவறுதான் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது!

மின்சாரம் கிடைத்த மூலைக்கே அந்த எலி திரும்பத் திரும்ப வந்தது. "அதுவே மின்சாரம் கொடுத்துக்கொள்ளட்டும்" என்று விசையை வைத்தார்கள். 1954-ல் முடிவை வெளியிட்டார்கள்.

1965-ல் நடந்த சோதனை இன்னும் பயங்கரமானது. நாளுக்கு 1 மணி நேரம் மட்டும் இரண்டு விசைகள். ஒன்றில் தீனி, மற்றொன்றில் மின்சாரம். சில எலிகள் மின்சாரத்தையே அமுக்கி, பட்டினியால் செத்தன!

ஏக்கம் தரும் ரசாயனம்

இதற்குக் காரணம் என்ன? மூளையில் சுரக்கும் 'டோபமைன்' என்ற ரசாயனம். மூளையில் அதன் வேலையைக் கண்டுபிடித்த சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன், 2000-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

மின்சாரம் பட்டால் டோபமைன் பெருகுகிறது. அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், எலிக்கு விசை மீதிருந்த மோகம் குறைகிறது.

அப்படியானால் டோபமைன்தான் இன்பமா? இல்லை. டோபமைனை ஏறக்குறைய முழுவதும் இழந்த எலி, தீனியைத் தேடிப் போவதில்லை. ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால், நாக்கை நீட்டிச் சப்புக்கொட்டுகிறது! ருசி தெரிகிறது. 'வேண்டும்' என்ற தவிப்புதான் இல்லை.

தம்பிமார்கள்

டோபமைனுக்குத் தம்பிகள் போன்ற ரசாயனங்களும் மூளையில் உண்டு. இருப்பது துளியூண்டு என்பதால் 'சுவடு அமின்கள்' என்று பெயர். அவற்றில் ஒன்று பினைல்எத்திலமைன். சில நிமிடங்களில் அழிந்துவிடும். சாக்லேட்டிலும் இருக்கிறது. அதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம்! தின்றது மூளைக்குப் போவதற்குள் பெரும்பாலும் அழிந்துவிடும்.

இவற்றை வெகுகாலம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 2001-ம் ஆண்டு, இந்தச் சாவிகளுக்கு ஏற்ற ஒரு பூட்டு செல்களில் இருப்பது தெரிந்தது. அந்தப் பூட்டு இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் டோபமைன் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தன. வண்டிக்கு பிரேக் இல்லாதது போல!

பிரேக்கை அமுக்கினால் என்ன ஆகும்? அந்தப் பூட்டைத் திறக்கும் மருந்துகளைச் செய்தார்கள். போதைக்கு அடிமையான மனிதர்களுக்கு அவை உதவுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் 'கோகெய்ன்' என்னும் போதைப்பொருளுக்காக விசையை அமுக்கப் பழகிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

அவை விசையை அமுக்குவது குறைந்தது.