ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை

திருப்பதியில் இருந்துகொண்டு மலைப்பாதையை இழுக்காமல் எனக்கு எதையும் விளக்க வராது. பஸ் ஏறுவது ஒரு சாலையில். 1944இல் திறந்த பழைய சாலை இப்போது இறங்குவதற்கு. பக்தர்களுக்கு அது சௌகரியம். என் அக்கா மகனின் லேப்டாப்பில் ஜாவாவும் அப்படி இரண்டு வழியில் போனது. அதுதான் வினை.

காலை ஏழு மணிக்குச் சித்தூரிலிருந்து பையோடு வந்து நின்றான்.

"மாமா, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. பதினோரு மணிக்கு ப்ராஜெக்ட் காட்டணும். எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போட்டுடட்டுமா?"

"முதல்ல கீபோர்டுலேர்ந்து கையை எடுடா."

பிழைச்செய்தி நீளமாக இருந்தது. அதில் பார்க்கவேண்டியது 61, 52 என்ற இரண்டு எண்கள்தான். நாம் எழுதும் நிரலை 'ஜாவாசி' கிளாஸ் கோப்பாக மாற்றும். அதை 'ஜாவா' ஓட்டும். கோப்பின் தலைமாட்டில் பதிப்பு எண் பதிந்திருக்கும்: ஜாவா 8 என்றால் 52, 17 என்றால் 61. பழசு எழுதியதைப் புதுசு படிக்கும். புதுசு எழுதியது பழசுக்குப் புரியாது. இவனிடம் எழுதியது 17, ஓட்டியது 8.

லினக்ஸில் நாலைந்து ஜாவா ஒன்றாகக் குடியிருக்கலாம். உபுண்டுவில் 'ஜாவா' என்று தட்டும்போது கிடைப்பது வெறும் கைகாட்டி. அது இன்னொரு கைகாட்டியைக் காட்ட, அதுதான் அசல் ஜாவாவிடம் கொண்டுபோய் விடும். இவற்றைத் திருப்பிவைக்கும் கருவி 'அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்'. டெபியன்காரர்களின் கைவேலை. டெபியன் வழிவந்த, சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸிலும் இதுவே.

கைகாட்டிக்கு இரண்டு நிலை. தானியங்கி நிலையில், முன்னுரிமை எண் பெரிதாக உள்ள பதிப்பின் பக்கம் அதுவே திரும்பிவிடும். நாம் கையால் ஒருமுறை திருப்பிவிட்டால், புதிதாக எது வந்தாலும் அசையாது. பையன் எப்போதோ 'ஜாவா'வை 8க்குக் கையால் திருப்பியிருக்கிறான், 'ஜாவாசி'யைத் தொடவில்லை. முந்தைய ராத்திரி எவனோ நண்பன் சொன்னான் என்று 17ஐ ஏற்றியதும் 'ஜாவாசி' மட்டும் அங்கே ஓடிவிட்டது.

'சூடோ அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --கான்ஃபிக் ஜாவாசி' என்று தட்டச் சொன்னேன். சின்னப் பட்டியல் வந்தது. 0 என்ற வரியில் நட்சத்திரக்குறி, பக்கத்தில் 1711 என்ற முன்னுரிமை: தானியங்கி, ஜாவா 17. கீழே 2 என்ற வரியில் 8, அதற்கு 1081. 2ஐ அழுத்தினான். பழைய கிளாஸ் கோப்புகளைத் தூக்கிவிட்டு மறுபடி கம்பைல் செய்தான், ஓடியது. இட்லி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

ஒன்று மட்டும் தனிக்கதை. டாம்கேட் போன்ற ஜாவா சர்வர்கள் பெரும்பாலும் 'ஜாவா_ஹோம்' என்ற மாறியில் உள்ள முகவரியைத்தான் முதலில் பார்க்கும். கைகாட்டியைத் திருப்பினாலும் அந்த முகவரி மாறாது. அதை நாமே மாற்றவேண்டும்.

உங்கள் கணினியில் ஜாவா முரண்டுபிடித்தால், எதையும் அழிக்கும் முன் 'ஜாவா -வெர்ஷன்', 'ஜாவாசி -வெர்ஷன்' இரண்டையும் தட்டி, எண்கள் ஒன்றுதானா என்று பாருங்கள்.