உடைக்காமலே தெரிந்துகொள்ளலாம்

4294967297. ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வோம்: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வரும் எண். பார்த்தவுடனே சிலது சொல்லிவிடலாம். ஒற்றைப்படை; 7-இல் முடிவதால் 5 வகுக்காது; இலக்கங்களின் கூட்டல் 59, அதனால் 3-உம் வகுக்காது. இது பகா எண்ணா, அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறெதுவும் மீதியின்றி வகுக்காத எண்ணா என்பதுதான் கேள்வி.

பிரான்ஸின் கணிதவியலாளர் ஃபெர்மா 1640-இல் ஆமென்றே நம்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1, 2, 4, 8, 16 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் பகா எண்கள். அடுத்தது நம் எண். 1729-இல் கணிதவியலாளர் கோல்ட்பாக், ஃபெர்மாவின் இந்த நம்பிக்கையைப் பற்றி இன்னொரு கணிதவியலாளரான ஆய்லருக்குக் கடிதம் எழுதினார்.

1732-இல் ஆய்லர் விடை சொன்னார்: 641 வகுக்கிறது. நாமும் தேடிப் பார்க்கலாம். ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனால் பொழுது போய்விடும். ஆய்லரே நிறுவிய விதி ஒன்று இருக்கிறது: இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. டீ ஆறுவதற்குள் ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறது! ஈவு 6700417, அதுவும் பகா எண்ணே. ஆக, நம் எண் இரண்டே பகா எண்களின் பெருக்கம்.

இங்கேதான் அநேகமாக எல்லோரும் ஒன்றைத் தவறாக நினைக்கிறோம்: ஓர் எண்ணைப் பகு எண், அதாவது பகா எண் அல்ல என்று சொல்ல, அதை வகுக்கும் எண்ணைப் பிடித்தே ஆகவேண்டும் என்று. தேவையில்லை. தேங்காய் அழுகலா என்று பார்க்க எப்போதும் உடைக்கவா செய்கிறோம்? காதருகே ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். ஆட்டிப் பார்க்கும் அந்த வித்தையை ஃபெர்மாவின் இவ்வகை எண்களுக்கு 1877-இல் கணிதவியலாளர் பெப்பின் கண்டுபிடித்தார்.

3-இல் தொடங்குவோம். அதை வர்க்கப்படுத்தினால் 9. மறுபடி 81, 6561, 43046721. அடுத்த வர்க்கம் நம் எண்ணைத் தாண்டிவிடும். அப்போது நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதை வர்க்கப்படுத்துவோம். இப்படி மொத்தம் 31 தடவை. நம் எண் பகா எண்ணாக இருந்தால் கடைசி மீதி அதைவிட ஒன்று குறைவாக, 4294967296 என்றுதான் வந்தாக வேண்டும். வருவதில்லை. 641 என்ற பேச்சே எடுக்காமல் தீர்ப்பு சொல்லியாயிற்று.

பத்து இலக்கத்துக்கு இது வீண் சுற்றாகத் தோன்றலாம். ஆனால் இதே குடும்பத்தில், 10,48,576 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டிய எண் ஒன்று உண்டு. அதற்கு 3,15,653 இலக்கங்கள். அது பகு எண் என்று 1980-களின் இறுதியிலேயே கணினியில் இந்தச் சோதனையால் உறுதியாகிவிட்டது. அதை வகுக்கும் பகா எண் ஒன்றைக்கூட இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.