டிஸ்னி வேர்ல்டில் மதியம் எங்கே சாப்பிடலாம்?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரை ஒட்டி இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்டு. 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் என்ற ஒரே பூங்காவோடு தொடங்கிய இடம். பின்னர் எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் ஆகியவையும் சேர்ந்து இப்போது நான்கு பூங்காக்கள். அவற்றைச் சுற்றி டிஸ்னியின் சொந்தத் தங்கும் விடுதிகள் பல.

இங்கே வரும் குடும்பங்கள் எந்த விளையாட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது என்று மாதக்கணக்கில் திட்டம் போடுகிறார்கள். மதியச் சாப்பாட்டை மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஃப்ளோரிடாவின் உச்சி வெயிலில், பசியில் சிணுங்கும் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார இடம் தேடும்போதுதான் முன்கூட்டியே திட்டமிடுவதன் அருமை தெரியும். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை மணிவரை பூங்கா உணவகங்களில் கூட்டம் அலைமோதும்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மதியத்தில் பூங்காவைவிட்டு வெளியே வந்து, பக்கத்து விடுதியில் சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் விடுதியில் தங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் பூங்காவுக்குள் இருப்பார்கள். விடுதி உணவகங்களில் கூட்டம் ஓரளவு குறைவாக இருக்கும். அங்கே சாப்பிட அந்த விடுதியில் அறை எடுத்திருக்க வேண்டியதில்லை. பூங்கா டிக்கெட்டும் தேவையில்லை. சாப்பிட்டுவிட்டு அதே டிக்கெட்டில் அன்றே அந்தப் பூங்காவுக்குத் திரும்பலாம்.

பெயர் பெற்றவை மதியம் மூடியிருக்கும்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஊரெல்லாம் பேசும் உணவகங்களில் பல, காலையும் இரவும் மட்டுமே நடப்பவை. கன்டெம்பரரி விடுதியில் மிக்கி மவுஸ் வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் ‘ஷெஃப் மிக்கீஸ்’, பாலினீசியன் விடுதியின் ‘ஓஹானா’, அனிமல் கிங்டம் லாட்ஜின் ‘போமா’ ஆகிய மூன்றும் அப்படித்தான். கன்டெம்பரரியின் உச்சி மாடியில் இருக்கும் ‘கலிஃபோர்னியா கிரில்’ இரவு உணவுக்கானது. இவற்றை நம்பி மதியத்தில் போனால் ஏமாற்றம்தான்.

மதியத்துக்கு மூன்று வகை இடங்கள் உண்டு. முதலாவது, கவுன்டரில் வாங்கி நாமே தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காரும் உணவகம். ஏறக்குறைய எல்லா விடுதியிலும் இப்படி ஒன்று இருக்கும். பர்கர், பீட்சா, சாலட், சாண்ட்விச் கிடைக்கும். இரண்டாவது, பணியாளர் வந்து பரிமாறும் உணவகம். மூன்றாவது, நீச்சல் குளத்தை ஒட்டிய கடை. உடை விஷயத்தில் மூன்றிலும் கெடுபிடி இல்லை. சாதாரண சட்டையும் காலில் செருப்பும் போதும். நீச்சல் உடையோடு மட்டும் உணவகத்துக்குள் போகக் கூடாது.

எந்தப் பூங்காவுக்கு எந்த விடுதி?

மேஜிக் கிங்டமில் இருப்பவர்களுக்குத்தான் வசதி அதிகம். வாசலிலிருந்து பத்து நிமிட நடையில் கன்டெம்பரரி விடுதி வந்துவிடும். அதன் நான்காம் மாடிக் கூடத்துக்குள்ளேயே மோனோரயில் நுழைந்து வெளியேறும். அங்கே உள்ள ‘கன்டெம்போ கஃபே’ கவுன்டர் வகை. கூடத்தின் நடுவே 90 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது, மேரி பிளேர் என்ற ஓவியர் உருவாக்கிய ஓட்டுச் சித்திரம். அதில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால்கள். உணவு வரும்வரை அந்த ஆட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், குழந்தைகள் பசியை மறந்துவிடுவார்கள். நிதானமாக உட்கார்ந்து சாப்பிட விரும்பினால் தரைத்தளத்தில் 2021-ல் திறந்த ‘ஸ்டேக்ஹவுஸ் 71’ இருக்கிறது. பெயரில்தான் ஸ்டேக் (இறைச்சித் துண்டு), மதியப் பட்டியலில் சாண்ட்விச், சாலட் என்று இலகுவான உணவும் உண்டு.

மோனோரயிலில் ஏறினால் பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் விடுதிகளுக்கும் போகலாம். பாலினீசியனில் ‘கேப்டன் குக்ஸ்’ கவுன்டர் வகை, ‘கோனா கஃபே’ பரிமாறும் வகை. கிராண்ட் ஃப்ளோரிடியனில் ‘காஸ்பரில்லா ஐலண்ட் கிரில்’ கவுன்டர் வகை, ‘கிராண்ட் ஃப்ளோரிடியன் கஃபே’ பரிமாறும் வகை. ஏரிக் காற்று வாங்கிக்கொண்டு சாப்பிட ஆசையா? படகில் வைல்டர்னஸ் லாட்ஜுக்குப் போங்கள். அங்கே ‘கைசர் பாயின்ட்’ கரையோரத்தில் திறந்தவெளியில் இருக்கிறது. மோனோரயில், படகு, பேருந்து எதற்கும் கட்டணம் இல்லை.

எப்காட்டுக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. அதன் வழியே வெளியே வந்தால் சில நிமிட நடையில் பீச் கிளப், போர்டுவாக் விடுதிகள். பீச் கிளப்பின் ‘பீச்சஸ் அண்ட் கிரீம்’ பர்கருக்கும் ஐஸ்கிரீமுக்கும் பேர்போன சின்னக் கடை. சின்னது என்பதால் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ஹாலிவுட் ஸ்டூடியோஸில் இருப்பவர்கள், 2019-ல் வந்த ‘ஸ்கைலைனர்’ தொங்கு வண்டியில் கரீபியன் பீச், ரிவியெரா விடுதிகளுக்குப் போகலாம். ரிவியெராவின் ‘ப்ரிமோ பியாட்டோ’வில் இத்தாலிய உணவு கவுன்டரிலேயே கிடைக்கும்.

அனிமல் கிங்டமிலிருந்து பேருந்தில் போனால் அனிமல் கிங்டம் லாட்ஜ். நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது இங்கே கிடானி வில்லேஜ் பகுதியில் இருக்கும் ‘சனா’ உணவகத்தைத்தான். கிழக்கு ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்த இடம். தந்தூர் அடுப்பு உண்டு. இங்கே பேர்போனது ரொட்டித்தட்டு. நான், குல்ச்சா, பனீர் பராத்தா என்று ஐந்து வகை ரொட்டிகளும், சுற்றிலும் சின்னக் கிண்ணங்களில் ஒன்பது வகைத் தொடுகறிகளும் வரும். வெள்ளரி ரைத்தா, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய், மாங்காய்ச் சட்னி என்று நாக்குக்குப் பழகிய சுவைகள். ஒரு வாரம் பர்கரும் பீட்சாவும் தின்று அலுத்த வாய்க்கு அந்த ஊறுகாய்க் கிண்ணம் ஒன்றே போதும். சன்னலுக்கு வெளியே புல்வெளி. ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். பகல் வெளிச்சத்தில்தான் அவை நன்றாகத் தெரியும் என்பதால் இரவைவிட மதியமே இங்கே சிறந்தது.

முன்பதிவும் மொபைல் ஆர்டரும்

புறப்படும் முன்பே ‘மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ்’ செயலியைத் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறும் உணவகங்களுக்கு 60 நாள் முன்பிருந்தே இடம் பிடிக்கலாம். அன்றைக்கு இடம் இல்லை என்று காட்டினாலும் மனம் தளர வேண்டாம். கடைசி நேரத்தில் பலர் ரத்து செய்வார்கள். உணவகத்துக்கு அருகே போனதும் செயலியிலேயே காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்கும் வசதியும் பல இடங்களில் உண்டு. பதிவு செய்துவிட்டுச் சொல்லாமல் போகாமல் இருந்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று கார்டில் கட்டணம் பிடிப்பார்கள். திட்டம் மாறினால் மறக்காமல் ரத்து செய்யுங்கள்.

கவுன்டர் உணவகங்களில் செயலி வழியாகவே உணவைத் தேர்ந்து, பணம் கட்டி, நேரத்தைக் குறித்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆர்டர் போட்டதுமே சமையல் தொடங்காது. அங்கே போய்ச் சேர்ந்து, ‘வந்துவிட்டேன்’ என்ற பொத்தானை அழுத்திய பிறகுதான் தொடங்கும். இது தெரியாமல் பலர் கவுன்டர் முன்னால் வெறுமனே காத்து நிற்கிறார்கள்.

வாடகைக் காரில் விடுதிக்கு வருபவர்களை வாயிலில் நிறுத்திக் காரணம் கேட்பார்கள். உணவக முன்பதிவு இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டால், கூட்டமான நாட்களில் திருப்பி அனுப்பவும் கூடும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

2019 முதல் டிஸ்னி உணவுப் பட்டியல்களில் சில உணவுகளுக்குப் பக்கத்தில் ஓர் இலைச் சின்னம் போடுகிறார்கள். அந்த உணவில் இறைச்சி, முட்டை, பால், தேன் எதுவும் இல்லை என்று பொருள். சின்னம் இல்லாத உணவு என்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அமெரிக்கச் சமையலில் காய்கறி சூப்பிலும் கோழிச் சாறு இருக்கலாம். வேகவைத்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கலாம். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும். ‘சைவம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது என்று விரித்துச் சொல்லுங்கள். பரிமாறும் உணவகங்களில் ஒவ்வாமை இருக்கிறது என்றால் சமையல்காரரே மேசைக்கு வந்து பேசுவதும் உண்டு.

வீட்டுச் சாப்பாடுதான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சூடாக்கத் தேவையில்லாத உணவைப் பூங்காவுக்குள் கொண்டுபோக டிஸ்னி அனுமதிக்கிறது. கண்ணாடிப் பாத்திரம், மது, தனி ஐஸ் கட்டிகள் கூடாது. ஐஸ் பேக் வைத்துக்கொள்ளலாம். தயிர்சாதமும் எலுமிச்சை சாதமும் தாராளமாகப் போகும். வயதானவர்களை அழைத்துப் போகும்போது இது பெரிய உதவி.

பில் எவ்வளவு வரும்?

பட்டியலில் இருக்கும் விலையில் வரி சேராது. பரிமாறும் உணவகத்தில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம். ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் அதை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். 100 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 6.50, டிப்ஸ் 18 முதல் 20 என்று கையிலிருந்து ஏறக்குறைய 125 டாலர் போகும். கவுன்டரில் டிப்ஸ் கிடையாது. குளிர்பான இயந்திரம் உள்ள கவுன்டர் எதிலும் ஐஸ் தண்ணீர் இலவசம். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். 3 முதல் 9 வயதுவரை குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. கவுன்டரில் ஒரு பெரியவர் தட்டு இரண்டு சின்னக் குழந்தைகளுக்குப் போதுமானது.

பதினொன்றரைக்கே பூங்காவைவிட்டுக் கிளம்பினால் மதியக் கூட்டத்தையும் தவிர்க்கலாம், வெயிலின் உக்கிரத்தையும் தவிர்க்கலாம். திரும்பும்போது பாதுகாப்புச் சோதனை உண்டு. அதற்கும் சேர்த்துப் போக வர, சாப்பிட இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் ஒன்றிரண்டு விளையாட்டு குறையலாம். ஆனால் வயிறும் காலும் ஆறியவர்களால்தான் இரவு வாணவேடிக்கை வரை தாக்குப்பிடிக்க முடியும். உணவகங்கள் பராமரிப்புக்காக மூடப்படுவதும், நேரம் மாறுவதும் உண்டு. போகும் நாளன்று காலையில் செயலியில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.