வந்த கம்பெனிகளும் நின்ற பட்டறையும்

மோட்டார்ப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் இளையோர் ஒரு புறமும் முதியோர் மறு புறமுமாகப் பிரிந்து நிற்பது வழக்கம். தொலைக்காட்சியின் முன் அமரும் பிள்ளைகளுக்கு அது வீர விளையாட்டு. பெற்றோருக்கோ காசைக் கரியாக்கும் வேடிக்கை. இவ்விரு சாராரும் அதிகம் கவனியாத செய்தி ஒன்று அதனுள் உண்டு. பெரிய கார்க் கம்பெனிகள் அப்பந்தயத்திற்குள் எவ்வாறு வருகின்றன, எவ்வாறு வெளியேறுகின்றன என்பதே அது. பந்தயத்தில் நாட்டமில்லாத குடும்பத்தாரும் இதனை அறிந்துகொள்ளுதல் நலம். திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம்மவர் பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் பெட்டியும் படுக்கையுமாக ரயிலேறி, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலை நகரிலும் உள்ள கார்த் தொழிற்சாலைகளை நாடிச் செல்வதைப் பார்க்கிறோம். பந்தயக் களத்தில் ஒரு கம்பெனி எவ்வாறு நடந்துகொள்கிறதோ, தொழிற்சாலை வாயிலிலும் ஏறக்குறைய அவ்வாறே நடந்துகொள்ளும்.

மோட்டார்ப் பந்தயங்களுள் தலையாயது பார்முலா ஒன். இதன் உலகச் சாம்பியன் போட்டி 1950ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. இதில் ஒவ்வொரு குழுவும் காரின் உடலைத் தானே வடிவமைத்துக்கொள்ள வேண்டும்; எஞ்சினைப் பிறரிடமிருந்து பெறலாம். ஆதலால் கார் செய்யும் பட்டறை ஒருவருடையதாகவும், அதனுள் அமரும் எஞ்சின் வேறொரு பெருங்கம்பெனியுடையதாகவும் இருப்பதுண்டு. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால் மேல்வரும் செய்திகள் எளிதில் விளங்கும். 1950 முதல் ஒவ்வோர் ஆண்டும் களத்தில் நிற்பது இத்தாலிய நாட்டுப் பெராரி ஒன்றே. ஏனைய பெருங்கம்பெனிகள் யாவும் வந்தும் போயும் இருப்பவையே.

நம்மவர் ஏறிய கார்

2005ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் மெல்போர்ன் நகரில் நடந்த பந்தயத்தில், கோயம்புத்தூர்க் குடும்பத்தைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் என்னும் இளைஞர் மஞ்சள் நிறக் கார் ஒன்றைச் செலுத்தினார். பார்முலா ஒன் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் கார் ஓட்டியது அதுவே முதன்முறை. அச்செய்தியைக் கேட்டுத் தமிழகம் பூரித்தது. அவர் எப்படி அக்காரில் ஏறினார் என்பதை ஆராய்ந்தால் கம்பெனிகளின் வரவும் செலவும் தெற்றென விளங்கும்.

அக்கார் ஜோர்டன் குழுவினுடையது. எட்டி ஜோர்டன் என்னும் ஐரிஷ்காரர், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயப் பாதையின் அருகே பட்டறை அமைத்து, 1991இல் இப்போட்டியில் நுழைந்தார். முதலாண்டு அவருக்கு எஞ்சின் அளித்தது போர்டு. பின்னர் யமஹா, ஹார்ட், பெஜோ, மூகன் ஹோண்டா, ஹோண்டா என்று எஞ்சின்கள் மாறி மாறி வந்தன. 2003இல் மீண்டும் போர்டே வந்தது.

போர்டுக்கும் இப்பந்தயத்திற்கும் நீண்ட உறவு உண்டு. காஸ்வொர்த் என்னும் ஆங்கில நிறுவனம் ஓர் எஞ்சின் செய்வதற்கு அது ஒரு லட்சம் பவுன் கொடுத்து உதவியது. அந்த எஞ்சின் 1967ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டில் தான் ஓடிய முதற் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் என்ற வீரருக்கு வெற்றி தந்தது. 1983 வரை அது 155 பந்தயங்களில் வாகை சூடியது. அத்தகைய பழம்பெருமை வாய்ந்த கம்பெனி, 2004ஆம் ஆண்டு செப்டம்பரில், தனக்குச் சொந்தமான ஜாகுவார் பந்தயக் குழுவையும் காஸ்வொர்த்தையும் விற்கப்போவதாக அறிவித்துக் களத்தைவிட்டு வெளியேறியது. ஜோர்டன் பட்டறை எஞ்சினின்றித் தவித்தது. அவ்வேளையில் டொயோட்டா எஞ்சின் தர முன்வந்தது. குழுவும் கைமாறிப் புதிய முதலாளியின் வசமாயிற்று. இந்த மாற்றங்களுக்கிடையே, டாட்டா முதலிய இந்திய நிறுவனங்களின் ஆதரவுடன், நரேனுக்கு இருக்கை கிடைத்தது. ஒரு கம்பெனி வெளியேறி மற்றொன்று நுழைந்த அந்த இடைவெளியிலேதான் நம்மவர் ஒருவர் உள்ளே புகுந்தார்.

அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு விந்தை நிகழ்ந்தது. மிஷலின் கம்பெனியின் டயர்கள் அப்பாதையின் சரிந்த வளைவைத் தாங்கா எனத் தெரியவந்தது. அந்த டயர் பூட்டிய 14 கார்களும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பார்முலா ஒன் போட்டியில் இந்திய வீரர் ஈட்டிய புள்ளிகள் அவ்வளவே. மறு ஆண்டின் முடிவில் மிஷலினும் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது.

ஒரு பட்டறை, ஆறு பெயர்கள்

நரேன் ஓராண்டுதான் அங்கிருந்தார். ஆனால் சில்வர்ஸ்டோன் பட்டறையின் வரலாறு அத்துடன் முடியவில்லை. 2006இல் அது மிட்லண்ட் ஆயிற்று. 2007இல் ஸ்பைக்கர் ஆயிற்று. 1980களில் நம் சோழவரம் விமான ஓடுதளத்தில் தாமே பந்தயக் கார் ஓட்டிய விஜய் மல்லையா, அதனைப் பங்காளி ஒருவருடன் வாங்கி, 2008 முதல் போர்ஸ் இந்தியா எனப் பெயர் சூட்டினார். 2009ஆம் ஆண்டு பெல்ஜியப் பந்தயத்தில் அக்குழுவின் கார் இரண்டாவதாக வந்தது. பட்டறை இங்கிலாந்தில், ஓட்டுநர்கள் பிற நாட்டினர், எஞ்சினும் ஐரோப்பியக் கம்பெனியினுடையது. ஆயினும் காரின் மீது தீட்டிய மூவர்ணத்தைக் கண்டு நம் நாட்டார் மகிழ்ந்தனர்.

2018ஆம் ஆண்டு ஜூலையில் கடன் சுமை தாங்காது அக்குழு நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போயிற்று. பட்டறையில் சுமார் 400 பேர் வேலை செய்து வந்தனர். குழுவுக்குக் கடன் கொடுத்தவர்களுள் ஒருவரான ஓட்டுநர் செர்கியோ பெரஸ் தாமே வழக்குத் தொடுத்தார். குழு முற்றாகக் கலைக்கப்பட்டால் அத்தனை பேரும் தெருவில் நிற்க நேரும் என்பதே அவர் கூறிய காரணம். கனடா நாட்டுச் செல்வர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையில் சிலர் கூடி அதனை வாங்கினர், வேலைகள் காப்பாற்றப்பட்டன. பெயர் ரேசிங் பாயிண்ட் என மாறி, 2021 முதல் ஆஸ்டன் மார்ட்டின் என வழங்குகிறது.

ஜோர்டன் தொடங்கி ஆஸ்டன் மார்ட்டின் ஈறாகப் பெயர்கள் ஆறு. எஞ்சின் தந்த கம்பெனிகளோ அதனினும் அதிகம். முதலாளிகள் மாறினர், வண்ணம் மாறிற்று, வாயிற்பலகை மாறிற்று. மாறாதது எது? திருகாணி முடுக்கவும், காற்றின் போக்கைக் கணிக்கவும், இம்மி பிசகாமல் பாகம் கடையவும் அறிந்த கைகள் அங்கே இருந்தன. அக்கைகளுக்காகவே ஒவ்வொரு முறையும் யாரேனும் ஒருவர் அப்பட்டறையை விலை கொடுத்து வாங்கினார்.

வருவதும் போவதும் எதனால்?

கம்பெனிகள் பந்தயத்திற்கு வருவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை வென்ற காரின் பெயரைச் சொல்லித் திங்கட்கிழமை கடையில் கார் விற்கலாம். இரண்டாவது பயிற்சி. பந்தயத்தில் நாள் குறித்துவிட்டால் தள்ளிப்போட இயலாது. இளம் எஞ்சினியர்கள் அங்கே சில மாதங்களில் கற்பதைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகளில்தான் கற்பர்.

விலகுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: கணக்கு ஒத்துவராமை. விற்பனை குறையும், தலைவர் மாறுவார், விதிகள் மாறிச் செலவு கூடும். உடனே டைரக்டர்கள் சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறும். 2008இல் உலகப் பொருளாதாரம் நலிவுற்றபோது இதனைக் கண்கூடாகக் கண்டோம். அவ்வாண்டு டிசம்பரில் ஹோண்டா விலகிற்று. 2009 ஜூலையில் பி.எம்.டபிள்யூ. விலகலை அறிவித்தது, நவம்பரில் டொயோட்டா. எட்டு ஆண்டுகள் பெரும்பொருள் செலவிட்டும் டொயோட்டா ஒரு பந்தயத்திலேனும் முதலிடம் பெறவில்லை. டோக்கியோவில் அம்முடிவை அறிவித்த கூட்டத்தில் குழுத் தலைவர் தடாஷி யமஷினா கண்ணீர் விட்டார். பணம் கம்பெனியினுடையது, கண்ணீர் உழைத்தவருடையது.

ஹோண்டாவின் கதை இன்னும் வியப்பானது. அது கைவிட்ட குழுவில் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். எஞ்சியோரைக் கொண்டு, ராஸ் பிரான் என்பவர் அக்குழுவை ஏற்று நடத்தினார். அதே பட்டறையில் செய்த கார், மெர்சிடிஸ் எஞ்சினைப் பூட்டிக்கொண்டு, 2009இல் உலகச் சாம்பியன் பட்டம் வென்றது! இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் அப்புகழ் ஹோண்டாவினுடையதாக இருந்திருக்கும். 1964இல் முதன்முதல் வந்து 1968இல் போன அக்கம்பெனி, 1983இல் வந்து 1992இல் போயிற்று. 2000இல் வந்து 2008இல் போயிற்று. 2015இல் வந்து 2021இல் விலகுவதாகக் கூறியது. 2026ஆம் ஆண்டுப் புதிய விதிகளை முன்னிட்டு மறுபடியும் வந்திருக்கிறது. இம்முறை அது எஞ்சின் தருவது யாருக்கு? பழைய ஜோர்டன் பட்டறையாகிய ஆஸ்டன் மார்ட்டினுக்கே.

போர்டும் அவ்வாறே. 2004இல் அது விற்ற ஜாகுவார் குழு ரெட் புல் எனப் பெயர் மாறிப் பல முறை சாம்பியன் ஆயிற்று. தான் விற்ற அதே குழுவோடு கூட்டாளியாகச் சேர்ந்து, 2026ஆம் ஆண்டுப் பந்தயத்தில் போர்டு மீண்டும் கால் வைக்கிறது.

மறைமலை நகர் தந்த பாடம்

பந்தயக் களத்தில் கண்ட இதே காட்சி நம் தமிழ் மண்ணிலும் அரங்கேறியது. 1995இல் மகேந்திராவுடன் கூட்டாக இந்தியாவுக்கு வந்த போர்டு, மறைமலை நகரில் பெருந்தொழிற்சாலை நிறுவியது. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் எனக் கூறி, இந்நாட்டில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர், குஜராத்தின் சாணந்து ஆகிய இரு இடங்களிலுமாகச் சுமார் 4,000 பேரின் வேலையை அது பாதித்தது. 2022இல் மறைமலை நகர்த் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கோரிப் போராடினர். ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது, இயந்திரங்கள் ஓய்ந்தன. சாணந்துத் தொழிற்சாலையை டாட்டா வாங்கித் தொழிலாளருக்கும் வேலை அளிக்க முன்வந்தது. மறைமலை நகருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 2025 அக்டோபரில், சுமார் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் அங்கே எஞ்சின் செய்யப்போவதாகப் போர்டு அறிவித்தது; உற்பத்தி 2029இல் தொடங்கும் என்றும், 600க்கு மேற்பட்டோருக்கு வேலை கிடைக்கும் என்றும் கூறியது. கம்பெனிக்குப் போவதும் திரும்புவதும் இரு தீர்மானங்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் சுமந்த தொழிலாளிக்கோ அவ்விடைவெளி ஓர் ஊழி.

இதனால் கம்பெனிகள் யாவும் ஒரே தன்மையின என்று கொள்ளலாகாது. மின்சாரக் கார்களுக்கான பார்முலா இ பந்தயம் 2014இல் தொடங்கியபோது இந்தியாவின் மகேந்திரா அதில் சேர்ந்தது. முதலாண்டு அதன் காரைச் செலுத்தியவர்களுள் ஒருவர், 2010இல் பார்முலா ஒன் பந்தயத்தில் நுழைந்த சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். பின்னர் வந்த ஆடி, பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் மூன்றும் 2021, 2022 ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. மகேந்திரா அன்று தொட்டு நிற்கிறது. அதே மகேந்திரா மோட்டார் சைக்கிள் உலகப் போட்டியிலிருந்து 2017இல் விலகிக்கொண்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கணக்கு ஒத்துவரும் இடத்தில் நிற்பதும் ஒத்துவராத இடத்தைவிட்டு நீங்குவதும் வாணிகத்தின் இயல்பு. அதன்மேல் சினங்கொண்டு பயனில்லை. அதனை அறியாதிருப்பதே அபாயம்.

நாம் கொள்ள வேண்டியது

ஆகவே, கார்த் தொழிற்சாலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், எந்தக் கம்பெனி என்று கேட்பதோடு நில்லாமல், அங்கே என்ன தொழில் கற்பாய் என்றும் கேட்டல் வேண்டும். ஒரே இடத்தில் ஒரே பாகத்தைப் பூட்டுபவனுக்குத் தொழிற்சாலை மூடிய அன்றே கை ஒடிந்துவிடும். இயந்திரத்தின் நுட்பம் அறிந்தவனையும், மின்சாரக் காரின் வேலை பயின்றவனையும், அளவை நுணுக்கம் கைவந்தவனையும் தேடி மற்றொரு முதலாளி வருவான். சில்வர்ஸ்டோன் பட்டறை ஆறு பெயர்களைக் கண்டும் அழியாதது இக்காரணத்தால்தான்.

நரேன் கார்த்திகேயன் பின்னர் ஓட்டிய ஸ்பானியக் குழு 2012இன் இறுதியில் கலைந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 2014 முதல் ஜப்பானியப் பந்தயங்களில் ஓட்டி, 2019 நவம்பரில் பூஜி மலையடிவாரத்துப் பந்தயப் பாதையில் ஹோண்டா காரைச் செலுத்தி முதலிடம் பெற்றார். அவரை ஏற்றிய கார்களின் பெயர்கள் பல. ஓட்டும் திறமை மட்டும் அவருடனேயே சென்றது.

பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்த நம் முன்னோரும் நிலபுலன்களைச் சுமந்து வரவில்லை. கைத்தொழிலையும் கணக்கறிவையுமே கொண்டு வந்தனர். அவற்றைக் கொண்டே இந்நகரில் கால் ஊன்றினர். நம் பிள்ளைகளுக்கும் அந்த முதலே துணை நிற்கும்.