போரை நிறுத்துதலும் அமைதியைக் காத்தலும்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலே தாமிரபரணியின் நீர் வடகால் என்றும் தென்கால் என்றும் பிரிந்து இருபுறத்து வயல்களுக்கும் செல்கின்றது. மழை பொய்த்த ஆண்டில், முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வோம் என்று உழவர் அனைவரும் உடன்படலாம். ஆயினும் உடன்பாடு ஒன்றே பயிரைக் காத்துவிடுவதில்லை. மடையை எப்பொழுது திறப்பது, எப்பொழுது அடைப்பது, முறை தவறியவரை யார் கேட்பது என்னும் வினாக்கள் எழும். அவற்றுக்கு விடை கூற இருசாராரும் நம்பும் பொது மனிதர் ஒருவர் வேண்டும். போரிடும் இரு படைகள் செய்துகொள்ளும் உடன்பாடும் இத்தகையதே. அதனைக் காக்கப் பிற நாடுகள் துணை நின்றால் என்ன நிகழும், துணை குறைந்தால் என்ன நிகழும் என்பதை ஆப்பிரிக்காவின் இரு நாடுகளைக் கொண்டு அறியலாம். ஒன்று மொசாம்பிக், மற்றொன்று அங்கோலா.

மொசாம்பிக், நம் தூத்துக்குடிக் கரையைத் தொடும் அதே இந்துமாக்கடலின் மேற்குக் கரையில் உள்ள நாடு. 1960களில் உலகில் முந்திரி மிகுதியாக விளைந்த நாடுகளுள் அதுவும் ஒன்று. அங்கு விளைந்த கொட்டைகள் உடைக்கப்படுவதற்காக இந்தியாவுக்குக் கப்பலேறின. இன்றும் ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டைகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்குகின்றன. ஆதலின் அந்நாட்டின் வாழ்வும் தாழ்வும் நமக்கு முற்றிலும் தொடர்பற்றவை அல்ல.

போர்த்துகல் நாட்டின் ஆட்சியிலிருந்து மொசாம்பிக் 1975 ஜூன் 25 அன்று விடுதலை பெற்றது. அங்கோலாவும் அதே ஆண்டு நவம்பர் 11 அன்று விடுதலை பெற்றது. ஆனால் விடுதலையோடு அமைதி வரவில்லை. மொசாம்பிக்கில் பிரெலிமோ கட்சி அரசு அமைத்தது. அதனை எதிர்த்து ரெனமோ என்னும் படை எழுந்தது. அப்படையைத் தொடக்கத்தில் ரொடீசியாவின் வெள்ளையர் அரசும், பின்னர்த் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசும் ஊட்டி வளர்த்தன. பதினைந்து ஆண்டுகள் நிகழ்ந்த போரிலும் அதனோடு வந்த பஞ்சத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர் என்று மதிப்பிடுவர். சுமார் 17 இலட்சம் பேர் அண்டை நாடுகளில் அடைக்கலம் புகுந்தனர். பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் எரிந்தன. வயல்களிலும் பாதைகளிலும் கண்ணிவெடிகள் புதைந்தன.

இப்போரை முடிக்கும் பேச்சு 1990 ஜூலையில் இத்தாலியின் தலைநகரான ரோமாபுரியில் தொடங்கியது. அதனை நடத்தியது ஒரு வல்லரசு அன்று. சாந்த் எஜிதியோ என்னும் கத்தோலிக்க மக்கள் அமைப்பு. மொசாம்பிக்கின் பெய்ரா நகரப் பேராயரும் இத்தாலிய அரசின் பேராளரும் அவர்களோடு அமர்ந்தனர். படைபலமும் பணபலமும் இல்லாத இவர்களிடம் இரு தரப்பாரும் அச்சமின்றிப் பேச முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சு நீண்டது. இறுதியில் 1992 அக்டோபர் 4 அன்று குடியரசுத் தலைவர் சிசானோவும் ரெனமோ தலைவர் டிலக்காமாவும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர்.

அந்த மாதமே அங்கோலா உலகுக்கு ஓர் எச்சரிக்கை தந்தது. அங்கு 1991 மே 31 அன்று உடன்படிக்கை ஆகியிருந்தது. ஆனால் அதனைக் கண்காணிக்க ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய இராணுவப் பார்வையாளர்கள் சுமார் 350 பேர் மட்டுமே. பரந்த நாடு; சிறிய குழு. படைகள் முற்றும் கலைக்கப்படுமுன்பே 1992 செப்டம்பர் 29, 30 தேதிகளில் தேர்தல் நடைபெற்றது. முடிவை யுனிட்டா தலைவர் சவிம்பி ஏற்க மறுத்தார். கலையாத படை கையருகே இருந்தது. சில வாரங்களில் போர் மீண்டும் மூண்டது. அது ஓய 2002 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அங்கோலாவில் நிகழ்ந்தது மொசாம்பிக்கில் நிகழலாகாது என்று பாதுகாப்புச் சபை கருதியது. 1992 டிசம்பர் 16 அன்று அது ஒரு பெரிய பணிக்குழுவுக்கு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 6,600 படைவீரர் வரை அனுப்ப இடந்தரப்பட்டது. இத்தாலியரான அல்டோ அயெல்லோ அப்பணிக்குத் தலைமை தாங்கினார்.

அவர்கள் செய்த பணிகள் நான்கு. முதலாவது, சாட்சியாக நிற்றல். உடன்படிக்கை மீறப்பட்டதென்று ஒரு தரப்பார் முறையிட்டால், ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையில் இரு தரப்பாரும் அமர்ந்த குழு அதனை ஆராய்ந்தது. இரண்டாவது, படைகளைக் கலைத்தல். வீரர்கள் 49 முகாம்களில் கூடி ஆயுதங்களை ஒப்படைத்தனர். 76,000க்கும் மேற்பட்டோர் படையினின்று விடுவிக்கப்பட்டனர். துப்பாக்கியன்றிப் பிறிதொரு தொழில் அறியாதவன் வெறுங்கையோடு ஊர் திரும்பினால் மீண்டும் துப்பாக்கியையே நாடுவான். இதனை உணர்ந்து, அவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை வழங்க உதவி நாடுகள் பொருள் அளித்தன. மூன்றாவது, அகதிகளை மீட்டு ஊர்களில் குடியேற்றுதல். நான்காவது, காட்டிலிருந்த ரெனமோவை நாட்டில் இயங்கும் அரசியல் கட்சியாக மாற்றுதல். அதற்கென ஒரு தனி நிதி அமைக்கப்பட்டது. ஆயுதம் ஏந்தியவருக்குப் பணமா என்று சிலர் வெகுண்டனர். எனினும் போரின் ஒரு நாட் செலவோடு ஒப்பிட்டு நோக்குவோர் அதனை வீண் என்னார்.

இப்பணியில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. நம் இராணுவத்தின் பொறியாளர் பிரிவுகளும் வழங்கல் பிரிவும் பார்வையாளர்களும் மொசாம்பிக்கில் பணியாற்றினர். ஆப்பிரிக்க மண்ணில் இது நமக்குப் புதிதன்று. காங்கோவுக்கு ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய படையில் இந்தியப் படைப்பிரிவு இடம்பெற்றது. அங்கு 1961 டிசம்பர் 5 அன்று உயிர் நீத்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்கர விருது வழங்கப்பட்டது. பிறர் நாட்டு அமைதிக்குத் துணை நிற்பது எளிய செயல் அன்று என்பதற்கு அவர் மரணமே சான்று.

படை கலைக்கும் வேலை தாமதமானதால் மொசாம்பிக்கின் தேர்தல் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. அங்கோலாவில் காட்டப்படாத பொறுமை இங்கே காட்டப்பட்டது. 1994 அக்டோபர் 27 அன்று வாக்கெடுப்புத் தொடங்கவிருந்த வேளையில், முறைகேடு நிகழுமெனக் கூறி டிலக்காமா விலகுவதாக அறிவித்தார். அண்டை நாட்டுத் தலைவர்களும் ஐக்கிய நாடுகள் சபையும் அவரை வற்புறுத்தி மீண்டும் அழைத்தனர். வாக்கெடுப்புக்கு மூன்றாம் நாளும் தரப்பட்டது. சிசானோ வென்றார். 250 இடங்கள் கொண்ட மன்றத்தில் ரெனமோவும் 112 இடங்கள் பெற்றது. தோற்றவர் காட்டுக்குத் திரும்பவில்லை.

அயலார் துணை ஒன்றே இதனைச் சாதித்தது என்று கூறின் அது பிழை. பதினைந்தாண்டுப் போரினாலும் 1992 இன் கொடிய வறட்சியினாலும் இரு தரப்பாரும் களைத்திருந்தனர். ரெனமோவுக்கு ஆதரவு தந்த தென்னாப்பிரிக்காவே மாறிக்கொண்டிருந்தது. அங்கோலாவின் சவிம்பிக்கோ வைரச் சுரங்கங்களின் வருவாய் இருந்தது. அது போரை நீட்டித்தது. மேலும், மொசாம்பிக்கின் அமைதியும் குறையற்றதன்று. 2013 இல் பூசல் மீண்டும் எழுந்தது. 2019 ஆகஸ்டு 6 அன்று புதிய உடன்படிக்கை வேண்டியதாயிற்று. வடக்கே காபோ டெல்கடோ மாநிலத்தில் 2017 இல் வேறொரு கலகம் தொடங்கியது.

காவலின் அருமையை உணர நாம் ஆப்பிரிக்கா வரை செல்லவும் வேண்டுவதில்லை. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், இலங்கையில், நார்வேயின் முயற்சியால் 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. ஐந்து வடஐரோப்பிய நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வந்தனர். மீறல்களைப் பதிவு செய்ய அவர்களால் இயன்றது, தடுக்க இயலவில்லை. 2006 இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடை செய்தபின், அவ்வொன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வெளியேற நேர்ந்தது. 2008 ஜனவரியில் உடன்படிக்கையே முடிவுற்றது. எண்ணற்ற பொதுமக்கள் மாண்டபின், 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. மீறுவோரைத் தடுக்க இயலாத காவலுக்கு நேர்ந்த முடிவு இது.

மாணவ நண்பர்களே! ஏதோ ஒரு நாட்டில் போர்நிறுத்தம் ஏற்பட்டது என்னும் செய்தி உங்கள் செவியில் விழும்பொழுது மகிழுங்கள். அதனோடு சில வினாக்களையும் எழுப்புங்கள். மீறலை விசாரிப்பவர் யார்? அவரை இரு தரப்பாரும் நம்புகின்றனரா? ஆயுதத்தை வைத்தவனுக்கு உழவுக்கு ஏரும் உண்ணச் சோறும் உண்டா? தோற்றவர்க்கும் நாட்டில் ஓர் இடம் உண்டா? இவற்றுக்கு விடை தேடப் பழகுங்கள். அமைதிக்கு எவ்வளவு பொருள் ஈவது, எத்தனை ஆண்டு பொறுப்பது என்று முடிவு செய்யும் அரசுகளை நாளை உங்கள் வாக்கே அமைக்கப்போகின்றது.